பத்து பென்ஸில் ஒரு பச்சைப் புள்ளி

திங்கட்கிழமை காலையில் கிழக்கு லண்டனில் பிளேஸ்டோ முழுக்க வேலைக்கு ஓடும். பஸ்தியாம்பிள்ளைக்கு அன்றைக்கு லீவு. அவர் வங்கிக்குக் காசு வாங்கப் போவார். கடன் வாங்க அல்ல. ஐம்பது பவுணைத் தாளாகக் கொடுத்து, அதே ஐம்பது பவுணைப் பத்து பென்ஸ் குத்திகளாக, சில்லறை நாணயமாக, வாங்கிக்கொண்டு வருவார். பத்துப் பை, பைக்கு ஐம்பது குத்தி, மொத்தம் மூன்றே கால் கிலோ. இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, புதன்கிழமை வேலைக்குப் போகும் வழியில் அந்த ஐந்நூறையும் திரும்பக் கட்டி ஐம்பது பவுணை எடுத்துக்கொள்வார். லாபம் சைபர். தோள்மூட்டு வலி இலவசம்.

தேடுவது வெள்ளி. இந்த நாட்டின் பழைய ஷில்லிங் குத்திகளில் 1947க்கு முதல் அடித்தவை பாதி வெள்ளி. 1920க்கு முதல் என்றால் அநேகமாக முழு வெள்ளி. அந்த ஷில்லிங் இன்றைய பத்து பென்ஸை விட ஒரு நூல்தான் சின்னது. யாரோ ஒருவர் செத்துப்போவார். பிள்ளைகள் மேசை லாச்சியைக் கவிழ்த்து, என்ன ஏது என்று பார்க்காமல் சில்லறையோடு சில்லறையாக வங்கியில் கட்டிவிடுவார்கள். வித்தியாசம் ஒரு கிராமுக்கும் குறைவு என்பதால் தராசும் பேசாமல் இருந்துவிடும். அப்புறம் அந்தக் குத்தி ஏதாவதொரு பைக்குள் போய் ஐம்பதில் ஒன்றாகப் படுத்திருக்கும். அதைத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம், யூடியூப் சொல்கிறது. பஸ்தியாம்பிள்ளை அவர்களில் ஒருவரைக்கூட நேரில் கண்டதில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. டகனம் பக்கம் ஒரு பெற்றோல் ஷெட்டில் கவுண்டரில் நிற்கிறார். நாலு வருடத்துக்கு முதல் ஒரு மழை நாளில், யாரோ ஒரு வாடிக்கையாளர் பத்து பென்ஸ் என்று தள்ளிவிட்டுப் போன குத்தியில் 1936 என்று இருந்தது. பஸ்தியாம்பிள்ளை தன் சட்டைப்பையிலிருந்து பத்து பென்ஸை எடுத்துக் கல்லாவில் போட்டுவிட்டு அதைத் தான் எடுத்துக்கொண்டார். கூட வேலை செய்யும் றொஜன் எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணை, களவோ?"

"இல்லையடா. மாத்தினனான். வெள்ளி."

"எவ்வளவு பெறும்?"

"ஒரு சாண்ட்விச் வாங்கலாம்."

"அப்ப வாங்கித் தின்னுங்கோவன்," என்றான் றொஜன். அத்தோடு அவனுக்கு அந்த விஷயத்தில் இருந்த அக்கறை தீர்ந்தது. பஸ்தியாம்பிள்ளைக்குத் தீரவில்லை. நாலு வருடத்தில் இன்னும் இரண்டு கிடைத்தது. ஆக மொத்தம் மூன்று. றொஜனின் கணக்கில் மூன்று சாண்ட்விச்.

இந்த மனிதருக்கு மனைவி இருக்கிறார், பெயர் மேரிறோஸ். மகளும் இருக்கிறாள், தாரகா. இருவரும் ஜெர்மனியில், டோட்முண்டில். 2007ல் எல்லோருமாக லண்டனுக்கு வருவது என்றுதான் திட்டம். இவர் முதலில் வந்து வேலை, வீடு பார்ப்பது. மகள் அந்த வருடப் பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு தாயோடு வருவது. மகள் அந்த வருடத்தை முடித்தாள். அடுத்த வருடத்தையும் முடித்தாள். பிறகு பல்கலைக்கழகம், பிறகு வேலை, பிறகு ஒரு நல்ல ஃபிளாட். பிரிந்துவிட்டோம் என்று இந்தக் குடும்பத்தில் யாரும் எப்போதும் சொன்னதில்லை. ரயில் கொஞ்சம் பிந்துகிறது என்று பதினெட்டு வருடமாக அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பூசை முடிந்து வந்து ஃபோன் எடுப்பார். அங்கே மழையா, இங்கே மழையா, பிரஷருக்குக் குளிசை போட்டாச்சா. பன்னிரண்டு நிமிடம்.

மற்ற நேரத்துக்குத்தான் குத்திகள். றூமில் ஒரே ஒரு மேசை. அதில் பழைய போர்வையை மடித்து விரிப்பார், சத்தம் கேட்டால் பக்கத்து றூம் பல்கேரியன் சுவரில் குத்துவான் என்பதால். ஒரு பையை உடைத்துக் கொட்டி மேலே காந்தத்தைக் கொண்டுபோவார். புதிய குத்திகள் இரும்பு, துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். பழையவை பேசாமல் கிடக்கும். வெள்ளி இருந்தால் அதுவும் பேசாமல்தான் கிடக்கும். ஆகவே பேசாமல் கிடக்கிறவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டி வருடம் பார்க்க வேண்டும். பஸ்தியாம்பிள்ளைக்கு இது நன்றாக ஒத்துப்போனது. அவரும் அந்த வகைதான்.

இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எடுக்கிற வங்கியில் கட்டக் கூடாது. கட்டினால் போன கிழமை பார்த்த அதே குத்தியை இந்தக் கிழமையும் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். அதனால் அவர் ஈஸ்ட்ஹாமில் எடுத்து அப்டன் பார்க்கில் கட்டிவந்தார். போன வருடம் அப்டன் பார்க் கிளையை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே ஃபோன் உறை விற்கிறார்கள், பின்பக்கத்தில் புருவம் வழிக்கிறார்கள். வேறு வழியில்லாமல் ஈஸ்ட்ஹாமிலேயே எடுத்து ஈஸ்ட்ஹாமிலேயே கட்டத் தொடங்கினார். அதற்காகத்தான் ஒரு சிவப்பு மார்க்கர் வாங்கினார். பார்த்து முடித்த குத்தியில் ஒரு சின்னப் புள்ளி. திரும்பி வந்தால் தெரியும், தள்ளி வைக்கலாம்.

புள்ளியை எங்கே வைப்பது? எங்கேயும் வைக்கலாம். பஸ்தியாம்பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர், அந்தோனியார் படம் தலைமாட்டில் தொங்குகிறது. இருந்தாலும் கை தானாகப் போனது குத்தியில் தலை பதித்த மகாராணியின் நெற்றிக்கு. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஐந்நூறு மகாராணிகளும் பொட்டு வைத்துக்கொண்டு மேசையில் கிடந்தார்கள், கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி.

டிசம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறாவது பையில், தன் சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளியைக் கண்டார்.

முதலில் பூஞ்சணம் என்று நினைத்து நகத்தால் சுரண்டினார். போகவில்லை. ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். தடிப்பான, பளபளப்பான பச்சை, கியூடெக்ஸ். யாரோ பெண்பிள்ளைகள் நகத்துக்குப் பூசுகிற சாமானை எடுத்து, அளவாக, அவருடைய புள்ளிக்கு ஒட்டாமலும் விலகாமலும் வைத்திருந்தார்கள். தற்செயலாகத் தெறித்தது அப்படி உட்காராது.

பஸ்தியாம்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்தார். இன்னொருவர் இருக்கிறார். அதே ஈஸ்ட்ஹாம் கிளையில் பை எடுக்கிற ஒருவர். பையை உடைத்துக் கொட்டி, புரட்டி, சிவப்புப் பொட்டைக் கண்டு, 'ஓ, இங்கே ஒருவன் எனக்கு முன்னமே வந்துபோயிருக்கிறான்' என்று விளங்கிக்கொண்டு, தானும் வந்ததாகக் கையெழுத்துப் போட்ட ஒருவர். நாலு மைல் வட்டத்துக்குள் எங்கோ ஒரு மேசை, எங்கோ ஒரு போர்வை.

அந்தக் குத்தியில் பச்சைக்குக் கீழே இரண்டு சிவப்புப் புள்ளி வைத்து, புதன்கிழமை மற்றவற்றோடு கட்டினார். மூன்று கிழமை ஒன்றும் இல்லை. நாலாவது கிழமை, வேறொரு குத்தியில், இரண்டு பச்சை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கதை என்று சொன்னால் மற்றக் கதைகள் கோபிக்கும். ஆனால் அவருக்கு அது கதைதான். இவர் மூன்று புள்ளியை வரிசையாக வைத்தால் அங்கிருந்து மூன்று புள்ளி முக்கோணமாக வரும். ஈஸ்டர் முடிந்த கையோடு ஒரு மகாராணிக்குப் பச்சைத் தோடு வந்தது. இவர் பதிலுக்கு இன்னொரு மகாராணிக்கு உதட்டுச்சாயம் பூசி அனுப்பினார். ஜூன் மாதம் அந்த உதட்டுச்சாயக்காரிக்குப் பச்சையில் மூக்குத்தி போட்டுத் திரும்பி வந்தபோது பஸ்தியாம்பிள்ளை சிரித்த சிரிப்பில் பல்கேரியன் சுவரில் குத்தினான். குத்திவிட்டு, என்ன நினைத்தானோ, வந்து கதவைத் தட்டி "யூ ஓகே?" என்று கேட்டுவிட்டும் போனான். இந்த மனிதரிடமிருந்து அப்படியொரு சத்தம் வந்து அவன் கேட்டதில்லை.

அறிவுள்ள ஒருவன் அப்போதே வேறு கிளைக்குப் போயிருப்பான். பத்துப் பையில் நாலு பை ஏற்கனவே தான் பொட்டு வைத்த குத்திகளாகவே வந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கு அது வீண் வேலை. பஸ்தியாம்பிள்ளை அந்த நாலு பையைத்தான் முதலில் உடைத்தார். மற்ற ஆறும் சில கிழமைகளில் காந்தத்தைக்கூடக் காணாமல் திரும்பிப் போயின.

அந்த ஆளுக்குக் கொடுக்கலாம் என்று இன்னொரு காந்தமும் வாங்கி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் மழை, குளிசை எல்லாம் முடிந்து ஒன்பதாவது நிமிடத்தில் கதைக்க ஒன்றும் இல்லாமல் போனபோது, வாயில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"இஞ்சை ஒராள் இருக்கு, மேரி."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "ஆர்?"

"ஆரெண்டு தெரியாது."

"தெரியாமல் என்னெண்டு இருக்கு? ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

"அதுவும் தெரியாது. பச்சை."

மேரிறோஸ் தண்ணிக் குழாயைப் பூட்டினார். பிறகு, "குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுறியள்?" என்று கேட்டார். அவர் புள்ளிக் கதையை முழுக்கச் சொன்னார். அன்றைக்கு ஃபோன் இருபத்தாறு நிமிடம் போனது. வைக்கும்போது, "அந்த மூக்குத்திக்காரியைப் படம் எடுத்து அனுப்புங்கோ," என்றார். அனுப்பினார். தாரகாகூட ஒரு சிரிக்கிற முகம் அனுப்பினாள். அவள் தகப்பனுக்கு அனுப்பியவற்றில் 'ஹாப்பி பர்த்டே' இல்லாத ஒன்று நீண்ட நாளைக்குப் பிறகு அதுதான்.

ஈஸ்ட்ஹாம் கிளையில் சில்லறைக் கவுண்டர் ஒன்றுதான். அதில் போன வருடத்திலிருந்து இருப்பவர் சிவனேஸ்வரி, ஐம்பது வயதுக்காரி, ஊரில் கோண்டாவில்காரி, நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீறு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் இவருமாக ஒரு வருடமாகப் பேசிக்கொள்வது மூன்று சொல். "எத்தினை அண்ணை?" "பத்து." தராசு காட்டுகிற எண்ணை இரண்டு பேரும் பார்ப்பார்கள். "சரி."

ஜூலையில் ஒரு திங்கள் அவர் நாலாவது சொல்லைக் கேட்டார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கலாமோ? பத்து பென்ஸ் பை இஞ்சை வேறை ஆரும் எடுக்கிறவையோ?"

"கடைக்காரர் எடுப்பினம் தானே."

"கடைக்காரர் இல்லை. என்னை மாதிரி."

"உங்களை மாதிரியோ?" சிவனேஸ்வரி ஒரு பையை எடுத்துத் தராசில் வைத்தார். ஏற்கனவே வைத்து எடுத்த பை அது. "அதெல்லாம் நாங்கள் சொல்லேலாது அண்ணை. ஒராளின்ரை விசயத்தை இன்னொராளுக்குச் சொன்னா வேலை போயிடும்."

"பேர் கேக்கேல்லை. இருக்கோ இல்லையோ எண்டு மட்டும்."

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிவனேஸ்வரியும் பஸ்தியாம்பிள்ளையைப் பார்த்தார், ஒரு வருடத்தில் முதல் தடவையாக எண்ணுக்கு மேலே. அந்த முகத்தில் என்ன கண்டாரோ.

"இருக்கு போலதான் கிடக்கு," என்றார்.

பஸ்தியாம்பிள்ளை மூன்றே கால் கிலோவையும் முந்நூறு கிராம் போலத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தக் கிழமைதான் கடதாசித் துண்டு எழுதினார். பத்துப் பையிலும் ஒவ்வொரு துண்டு, ஆளுக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ என்று ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். பச்சைப் புள்ளி ஆளே, வருகிற மாதம் முதல் ஞாயிறு, காலை பதினொரு மணி, பிளாஷெட் பார்க், வாசலுக்கு உள்ளே உட்காருகிற முதலாவது வாங்கு, நான் சிவப்புத் தொப்பி. அவரிடம் சிவப்புத் தொப்பி இல்லை. துண்டை எழுதிய பிறகுதான் கிறீன் ஸ்ட்ரீட்டில் போய் வாங்கினார்.

அந்த ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. ஃபோனையும் பின்னேரம் எடுக்கிறேன் என்று முதல்நாளே மேரிறோஸிடம் சொல்லிவிட்டார். "போய்ச் சந்தியுங்கோ, நல்ல சேட்டாப் போட்டுக்கொண்டு போங்கோ," என்று அங்கிருந்து உத்தரவு. ஃபிளாஸ்கில் தேத்தண்ணி, இரண்டு கப், மூன்று வெள்ளிக் குத்தியும் ஒரு பழைய மருந்துப் போத்தலுக்குள். காந்தமும். பத்தரைக்கே வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

பதினொன்றரை வரைக்கும் அவர் ஒவ்வொருவரின் கையையும் பார்த்தார். பச்சை நகம் ஏதும் தென்படுகிறதா என்று. நாயோடு ஒரு பெண் வந்தாள், நகம் கறுப்பு. பிள்ளை வண்டியோடு ஒருவன், நகமே இல்லை, கடித்திருந்தான். பன்னிரண்டு மணிபோல் ஒரு குஜராத்திக் கிழவர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, வேறு வாங்குகள் காலியாக இருக்க, இதிலேயே உட்கார்ந்தார். பஸ்தியாம்பிள்ளை தொப்பியை நேராக்கினார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கிழவர் மறுக்காமல் வாங்கிக் குடித்தார். அவர் குடித்து முடிக்கட்டும் என்று பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்தி, "கொயின்ஸ்?" என்று கேட்டார்.

கிழவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார், ஃபிளாஸ்கைப் பார்த்தார். மெல்லச் சட்டைப்பைக்குள் கைவிட்டு இருபது பென்ஸ் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, தோளில் ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டு, எழும்பிப் போனார்.

இரண்டு மணி வரைக்கும் இருந்தார். மழை வந்தது. இரண்டாவது கப்பைக் கழுவாமலே பையில் போட்டுக்கொண்டார்.

பின்னேரம் ஃபோன் எடுக்கவில்லை. மேரிறோஸ் இரண்டு தடவை எடுத்ததும் அடித்து அடித்து நின்றது.

திங்கட்கிழமை பை எடுத்தது பழக்கதோஷம். புதன்கிழமை அந்தப் பத்துப் பையையும் எடுத்தபடியே கொண்டுவந்து கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். சிவனேஸ்வரி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். வங்கியில் ஒட்டிய வாய் ஒட்டினபடி இருந்தது.

"என்ன அண்ணை, உடைக்கேல்லையோ?"

"இல்லை. இனி வேண்டாம். உதோடை முடிஞ்சுது."

"ஏன்?"

"அந்த ஆள் வரேல்லை." எந்த ஆள் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை, சிவனேஸ்வரி கேட்கவில்லை. பையைத் தராசில் வைக்கவும் இல்லை. மத்தியான நேரம், வரிசையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடியில் உள்ள ஓட்டைக்குக் கிட்டக் குனிந்தார்.

"அண்ணை, நான் ஒண்டு சொன்னா ஏசுவியளோ?"

"சொல்லுங்கோ."

"பச்சை நான்தான்."

பஸ்தியாம்பிள்ளை தராசைப் பார்த்தார். அது சைபர் காட்டிக்கொண்டிருந்தது.

"நீங்கள் கட்டின பையிலை ஒரு நாள் மகாராணி பொட்டோடை இருந்தா. நான் சிரிச்சுக் கனகாலம் அண்ணை. பிள்ளையள் யூனிக்குப் போட்டுதுகள், அவர் லொறியோடை பெல்ஜியத்துக்கும் இஞ்சைக்கும். வீட்டிலை மகள் எறிஞ்சுபோட்டுப் போன கியூடெக்ஸ் ஒண்டு கிடந்தது. சும்மா ஒரு பகிடிக்கு வைச்சன். நீங்கள் காணுவியளோ எண்டு பாப்பம் எண்டு. நீங்கள் ரெண்டு புள்ளி வைச்சு விட்டியள்."

"எல்லாமோ?"

"எல்லாம்."

"மூக்குத்தி?"

"மூக்குத்தியும்."

"எனக்கே எப்பிடித் திரும்பத் திரும்ப வந்தது?"

சிவனேஸ்வரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பார்த்தார். "உங்கடை பையளிலை நாலை நான் வேறையா வைச்சிருந்தனான். வேறை ஆக்களுக்குக் குடுக்கேல்லை. நீங்கள் வரேக்கை உங்களுக்கே தருவன்."

அதுதான் பஸ்தியாம்பிள்ளைக்கு முதலில் உறைத்தது. எட்டு மாதமாக அவர் திரும்பத் திரும்பப் புரட்டியது அதே இருநூறு குத்தி. அதற்குள் வெள்ளி எங்கிருந்து வரும்? நாலு மைல் வட்டத்துக்குள் இருந்த மேசையும் போர்வையும் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக அணைந்தன.

"துண்டு?" என்று கேட்டார்.

"வாசிச்சனான். பாக் கேற்றடி மட்டும் வந்தனான் அண்ணை. தொப்பி தெரிஞ்சுது. ரெண்டு கப் தெரிஞ்சுது. எதிரிலை எங்கடை கோயில் ஆக்கள் நாலு பேர் நடந்து வருகினம். நான் போய் உங்களுக்குப் பக்கத்திலை இருந்தா பின்னேரத்துக்குள்ளை வெம்பிளி வரைக்கும் கதை போயிடும். திரும்பிட்டன்."

அவர் வெறும் தோள்பையை மடித்தார். ஐம்பது பவுணைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார். சிவனேஸ்வரி அதை அவருடைய கணக்கில் போட்டுவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் எல்லோருக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார், தமிழில் கேட்டவர்களுக்கும்.

அடுத்த திங்கட்கிழமை பஸ்தியாம்பிள்ளை படுத்திருந்தார். அதற்கடுத்த திங்களும். ஒரு மனிதர் காலை ஏழிலிருந்து இரவு பத்து வரைக்கும் ஒரு றூமில் என்னென்ன செய்யலாம் என்று பார்த்தால் பட்டியல் பெரிதாக இல்லை. ஜன்னலைத் துடைத்தார். அந்தோனியாரைத் துடைத்தார். போர்வையைக் கொண்டுபோய்த் தோய்த்தார், காய்ந்ததும் எங்கே விரிப்பது என்று தெரியாமல் கட்டிலில் விரித்தார். பெற்றோல் ஷெட்டில் பத்து பென்ஸ் வந்தால் வருடம் பார்க்காமல் கல்லாவில் போட்டார். றொஜனே கேட்டான்.

"என்ன அண்ணை, வெள்ளி விலை விழுந்திட்டுதோ?"

"ஓம், விழுந்திட்டுது," என்றார்.

ஞாயிறு ஃபோனில் மேரிறோஸ் மழையைப் பற்றிக் கேட்காமல் நேரே விஷயத்துக்கு வந்தார். "உங்கடை பச்சை ஆள் என்னவாம்?"

"அப்பிடியொரு ஆள் இல்லை, மேரி. வங்கியிலை வேலை செய்யிற பிள்ளை பகிடிக்குச் செய்தது."

பகிடி என்றால் மேரிறோஸ் சிரிப்பார் என்று நினைத்தார். அந்தப் பக்கத்தில் சிரிப்பு வரவில்லை.

"எட்டு மாசமாவோ?"

"ஓம்."

"எட்டு மாசம் ஒராள் உங்களுக்காக மினக்கெட்டிருக்கு," என்றார் மேரிறோஸ். "நான்கூட அவ்வளவு மினக்கெடேல்லை."

பதினெட்டு வருடத்தில் அந்த ஃபோனில் இப்படி ஒரு வசனம் வந்ததில்லை. பஸ்தியாம்பிள்ளை "அப்பிடி இல்லை" என்றார். மேரிறோஸ் "இருக்கட்டும்" என்றார். பிறகு இரண்டு பேரும் மழைக்குத் திரும்பினார்கள்.

நாலாவது திங்கள் அவர் ஈஸ்ட்ஹாமுக்குப் போனார். ரயிலை விட்டு இறங்கி ஹை ஸ்ட்ரீட் வழியாக நடந்து வரும்போது, ஏசத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்ன சொல்லி ஏசுவது என்றும் இரண்டு வசனம் தயார் பண்ணினார். வரிசையில் அவருக்கு முன் நாலு பேர். நாலு பேரும் முடிந்து கண்ணாடியடிக்கு வந்தபோது சிவனேஸ்வரி நிமிர்ந்தார்.

"எத்தினை அண்ணை?"

"பத்து," என்றது வாய். இரண்டு வசனத்தையும் அது கேட்கவே இல்லை.

சிவனேஸ்வரி பையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பஸ்தியாம்பிள்ளை தராசைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்தார். எட்டு மாதத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை. நகத்தில் பச்சையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் கறுத்திருந்தன. வாய் ஒட்டிய பிளாஸ்டிக் பையைத் தூக்கி வைக்கிறவருக்கு விரல் அப்படிக் கறுக்காது. பையை உடைத்து, ஐந்நூறு ஐந்நூறாக ஒவ்வொன்றாய்ப் புரட்டினால்தான் அந்தக் கறுப்பு ஏறும். அவருடைய கையிலும் நாலு வருடமாக அதே இரண்டு விரலில்தான் அது இருந்தது. இந்த மூன்று கிழமையில்தான் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"என்ன உது கையிலை?"

சிவனேஸ்வரி கையை இழுத்து மேசைக்குக் கீழே வைத்தார். பிறகு மறைத்துப் பிரயோசனம் இல்லை என்று விளங்கி, ஓட்டைக்குக் கிட்டக் குனிந்தார்.

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலை பாக்கிறனான் அண்ணை. நானே காசு குடுத்து எடுத்து, பார்த்திட்டு, திரும்பக் கட்டுறன். நான் உங்கடை எட்டு மாசத்தைத் திண்டிட்டன். ஒண்டாவது எடுத்துத் தருவம் எண்டு பார்த்தன். நாப்பது பை பார்த்திட்டன்."

"கிடைச்சுதோ?"

"எங்கை? ஒண்டும் இல்லை. வெள்ளி எப்பிடி இருக்கும் எண்டு யூடியூப்பிலைதான் பார்த்தனான். தவறவிட்டனோ தெரியாது."

"காந்தம் வைச்சோ பார்த்தனீங்கள்?"

"காந்தமோ? ஏன் காந்தம்?"

பஸ்தியாம்பிள்ளைக்கு மூன்று கிழமையாக வராத கோபம் அப்போதுதான் வந்தது. "அப்ப நாப்பது பையையும் ஒவ்வொண்டாவோ புரட்டினனீங்கள்? ரெண்டாயிரம் குத்தியையும்?"

"ஓம்."

"விசரோ உங்களுக்கு?"

பின்னால் நின்றவர் செருமினார். சிவனேஸ்வரி கீழே பார்த்துக்கொண்டு பத்தாவது பையை வைத்தார். சிரிப்பை அடக்குகிறாரா, வேறு எதையாவது அடக்குகிறாரா என்று கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. பஸ்தியாம்பிள்ளை பைகளைத் தோள்பைக்குள் இறக்கினார். நாற்பது பையில் ஒன்றும் இல்லாதது அவருக்கு அதிசயமாக இல்லை. அவருக்கு ஒரு தடவை பதின்மூன்று மாதம் ஒன்றும் கிடைக்காமல் போயிருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் விளங்கக்கூடிய ஆள் இருக்கவில்லை.

தோள்பையைத் தூக்கினார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து, செருமினவரைக் கொஞ்சம் பொறுங்கோ என்று கையால் காட்டி, ஓட்டையடியில் குனிந்தார்.

"கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப் பிரயோசனம் இல்லை, தங்கச்சி. உந்தக் கறுப்பு அதுக்குப் போகாது. பாதித் தேசிக்காய்ப் புளியிலை கொஞ்சம் உப்பைத் தொட்டுத் தேயுங்கோ."

"எரியாதோ அண்ணை?"

"முதல் கொஞ்ச நாள் எரியும்," என்றார் பஸ்தியாம்பிள்ளை.